ஏழாவது ஆள்

மற்றக் கழகங்கள் மைதானத்தில் தோற்கும். எங்கள் ஹார்பர் லைட்ஸ் உதைபந்தாட்டக் கழகம் நிர்வாகக் கூட்டம் கூடியே தோற்கும். இதை நான் ஒளித்து மறைத்துச் சொல்கிறவனல்ல. கொட்டாஞ்சேனைச் சந்தியில் ஓட்டோ விடுகிறவர்கள், சலூன்காரர், நான் வேலை பார்க்கும் ஹாட்வெயார் கடை முதலாளி, எல்லாருக்கும் தெரியும், தவராசாவுக்கு வாய் கூட என்று. கூடத்தான். இளந்தாரிக் காலத்திலிருந்து கோட்டுக்கு வெளியே வெயிலிலும் மழையிலும் நின்று பார்க்கிறவனுக்கு வாயும் இல்லாவிட்டால் வேறு என்ன இருக்கிறது?

இந்த ஒரு வருஷத்தை மட்டும் எடுங்கள். தொடக்கத்திலேயே, நல்லாகக் கோல் அடித்துக்கொண்டிருந்த பொடியனை நிர்வாகம் வெளியே விட்டது. காரணம் கேட்டால் அவனுக்குத் தலைக்கனமாம். அட மொக்குகளே, தலைக்கனம் இருக்கிறவன்தானே கோல் அடிப்பான்! அடக்க ஒடுக்கமான பிள்ளை வேண்டுமென்றால் கோயிலில் தேவாரம் பாட விடுங்கள். அவன் இப்போது வத்தளைக் கழகத்துக்கு அடித்துக்கொண்டிருக்கிறான்.

பிறகு ஜேர்சி. எங்கள் கழகம் பிறந்த நாளிலிருந்து நீலம். எண்சாத்திரக்காரர் யாரோ மஞ்சள் நல்லது என்று சொன்னாராம், மஞ்சளாக்கினார்கள். முதல் ஆட்டத்துக்குப் போனால் எதிரணியும் மஞ்சள். இதை முன்கூட்டியே விசாரிக்க ஒரு தொலைபேசி அழைப்புப் போதும். ஒருவருக்கும் தோன்றவில்லை. எங்கள் பொடியள் ஆளுக்கொரு நிறத்தில் பயிற்சிப் பனியனைப் போட்டுக்கொண்டு விளையாடினார்கள், நான் வெட்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு பார்த்தேன்.

கோச்சைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் எனக்கு இரத்த அழுத்தம் ஏறும். இந்த வருஷம் மூன்றாவது கோச் ஜனா. தலைவருடைய மனைவியின் தம்பி மகன். பள்ளிக்கூடத்தில் கிரிக்கெட் விளையாடியவன். எங்கள் கோல் கீப்பர் ஸியாம், மாளிகாவத்தை முஸ்லிம் பொடியன், ஆறடிக்கு மேல். "உயரமான ஆள் முன்னுக்கு நிண்டாத் தலையால அடிக்கலாம்" என்று ஒரு ஆட்டத்தில் அவனைக் கொண்டுபோய் முன்வரிசையில் நிற்பாட்டினான் இந்த மகராசன். நாலு கோல் வாங்கினோம். ஸியாம் அன்றைக்குத் தலையால் அடித்தது ஒரு கொடிக்கம்பத்தை மட்டும்தான்.

இதற்கெல்லாம் மேலே தலைவர் சண்முகலிங்கம் அண்ணை. வெள்ளவத்தையில், காலி வீதியில், புடைவைக்கடை வைத்திருக்கிறார். மனுசன் கெட்டவரில்லை, அதுதான் பெரிய கரைச்சல். சப்பாத்து வாங்கித் தருவார், காயம் பட்டவனைத் தன் காரிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவார், வெற்றி பெற்றால் குழந்தை மாதிரி அழுவார். உதைபந்தாட்டம் பற்றி மட்டும் அவருக்கு ஒரு கோதாரியும் தெரியாது. இப்படிப்பட்டவரைத் திட்டவும் முடியாது, திட்டாமல் இருக்கவும் முடியாது.

நான் ஆள் பார்த்துக் கதைக்கிறவன் என்று யாரும் நினைக்கக் கூடாது. என் சொந்த மகன் ஹரிசன் எங்கள் அணியின் பின்களத்தில் விளையாடுகிறான். கடைசிக்கு முதல் ஆட்டத்தில், மழைத் தண்ணீர் தேங்கி நின்ற மைதானத்தில், அவன் ஸியாமுக்குத் திருப்பித் தட்டிய பந்து பாதி வழியில் நின்றுவிட்டது. எதிரணி ஓடி வந்து அடித்தது, ஒன்றுக்குப் பூச்சியத்தில் தோற்றோம். அங்கேயே கோட்டில் நின்று கேட்டேன், உனக்கு இருப்பது காலா, விறகுக் கட்டையா என்று. அதோடு விடவில்லை. சலூனில் சொன்னேன், சந்தியில் சொன்னேன், கழகத்தின் வட்ஸ்அப் குழுவில் குரல் பதிவும் போட்டேன்: என்ர மகன் எண்டு பாக்கமாட்டன், பிழை எண்டாப் பிழைதான், அடுத்த மட்ச்சில அவனை வெளியில இருத்துங்கோ.

"உங்கட வாயால அந்தப் பிள்ளை ரெண்டு நாளாச் சாப்பிடேல்லை" என்று என் மனைவி கனகேஸ்வரி சமையலறையிலிருந்து கத்தினாள்.

"சாப்பிடாட்டி இன்னும் வேகமா ஓடுவான்" என்றேன்.

அந்தத் தோல்வியோடு எங்கள் நிலைமை இப்படி வந்து நின்றது. கடைசி ஆட்டம் வத்தளையோடு. ஒரு சமநிலை எடுத்தால் லீக்கின் இந்தப் பிரிவில் தங்கலாம். தோற்றால் கீழே. கீழே என்றால் சும்மா கீழே இல்லை. சண்முகலிங்கம் அண்ணை கூட்டத்தில் எழும்பி நின்று, கண் கலங்க, எல்லாருக்கும் முன்னால் சொல்லிவிட்டார்: "இறங்கினால் கழகத்தைப் பூட்டுவன். என்னால இனி ஏலாது." அவர் பூட்டினால் வேறு யார் திறக்கப் போகிறார்கள்? எனக்கு ஐம்பத்தெட்டு வயது. இந்தக் கழகம் இல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நான் எங்கே போவேன், யாரோடு கதைப்பேன்? சிரிக்காதீர்கள். அன்றைக்கு இரவு எனக்கு நித்திரை வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நடக்க வேண்டிய ஆட்டம். மழை கொட்டியதால் செவ்வாய்க்கிழமை நாலு மணிக்குத் தள்ளி வைத்தார்கள். அறிவித்தல் எல்லாருடைய போனுக்கும் வந்தது. எங்கள் நிர்வாகத்தில் ஒருவராவது கலண்டரைத் திருப்பிப் பார்த்திருந்தால் பிறகு நடந்தது ஒன்றுமே நடந்திருக்காது.

செவ்வாய்க்கிழமை நான் கடையில் அரைநாள் லீவு எடுத்துக்கொண்டு மைதானத்துக்கு வேளைக்கே வந்துவிட்டேன். கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்கு வந்த சனம் வீதியெல்லாம் நிறைந்திருந்தது. அதற்குள் எங்கள் அணியின் பஸ் மாட்டுப்பட்டு விடுமோ என்று வீதியையே எட்டி எட்டிப் பார்த்தேன். வத்தளைப் பொடியள் ஏற்கெனவே உள்ளே ஓடித் திரிந்தார்கள். தரை காய்ந்திருந்தது, காற்றும் பரவாயில்லை. ஒரு சமநிலை கடவுளே, ஒரேயொரு சமநிலை, கோலே வேண்டாம் என்று நான் எல்லாச் சாமியையும் கூப்பிட்டேன்.

நாலு மணிக்குச் சற்று முன்பாக எங்கள் பஸ் வந்து கேற்றுக்கு வெளியே நின்றது. அப்பாடா என்று மூச்சு விட்டேன். கையைத் தட்டிக்கொண்டு போனேன். பஸ் கதவு திறக்கவில்லை. கண்ணாடிக்குள்ளால் பொடியள் எல்லாரும் ஜேர்சி போட்டு, சப்பாத்துக் கட்டி, ஆடாமல் அசையாமல் இருப்பது தெரிந்தது. கதவைத் தட்டினேன். சண்முகலிங்கம் அண்ணை பாதி திறந்து, விபூதி பூசிய முகத்தை மட்டும் வெளியே நீட்டினார்.

"என்னண்ணை, இறங்கேல்லையோ?"

"நேரம் சரியில்லை, தவம். செவ்வாய்க்கிழமை மூண்டிலயிருந்து நாலரை மட்டும் ராகு காலம். அது முடிய, வலது காலை வைச்சு இறங்குவம்."

எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது கத்திவிட்டேன்.

"அண்ணை, மட்ச் நாலு மணிக்கு!"

"அரை மணித்தியாலம் பொறுக்க மாட்டினமோ? இந்த லீக்கில எந்த மட்ச் நேரத்துக்குத் தொடங்கினது, நீரே சொல்லும் பாப்பம்."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது, அதுதான் கொடுமை. எங்கள் லீக்கில் நடுவர் பிளேன்டீ குடித்து முடிக்காமல் ஒரு ஆட்டமும் தொடங்கியதில்லை. ஆனால் இன்றைக்கு வந்திருந்த நடுவர் புது ஆள். கறுப்புக் காற்சட்டையை மடிப்புக் குலையாமல் போட்டுக்கொண்டு, மைதானத்தின் நடுவில், கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார்.

"வெள்ளவத்தையில, உங்கட கடையடியில எல்லாரையும் ஏத்திக்கொண்டு எப்ப வெளிக்கிட்டனீங்கள்?" என்று கேட்டேன்.

"மூண்டுக்கு முந்தியே. சாத்திரியார் குறிச்சுத் தந்த நேரம்."

"அப்ப தொடங்கியாச்சுத்தானே! நல்ல நேரத்தில வெளிக்கிட்ட ஆக்களை ராகு என்ன செய்யும்? கலியாண வீட்டுக்குப் போற சனம் ராகு காலம் வந்திட்டுதெண்டு நடுவழியில பஸ்ஸை நிப்பாட்டிக்கொண்டு இருக்கிறதோ?"

அவர் ஒரு கணம் யோசித்தார். எனக்கு நம்பிக்கை வந்தது. பிறகு தலையை ஆட்டினார். "அது பயணம். இது களம். களத்தில கால் வைக்கிறதுதான் தொடக்கம். தோத்த மட்ச் எல்லாத்தையும் சாத்திரியாரிட்டைக் காட்டினனான். எல்லாம் கூடாத நேரத்தில தொடங்கினது. இந்த முறை நான் விடமாட்டன் தவம். இது கடைசி."

"மட்ச் நாலு மணிக்கெண்டு சாத்திரியாருக்குச் சொன்னனீங்களோ?"

"அவர் கேக்கேல்லை."

"ஐயோ அண்ணை! இப்ப எடுத்துக் கேளுங்கோ."

எடுத்தார். மணி அடித்து அடித்து நின்றது. சாத்திரியாரும் ராகு காலத்தில் போன் எடுக்க மாட்டாராம். முன் சீட்டில் இருந்த கோச் ஜனாவைப் பார்த்தேன். அவன் தன் போனுக்குள் தலையைப் புதைத்திருந்தான். கோச் என்றால் இந்த இடத்தில் எழும்பி ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா? சோற்றைத் தின்கிறவன் சொல்ல மாட்டானா? எழும்பவில்லை. மாமாவின் முகத்தைப் பார்த்துப் பார்த்து முதுகெலும்பு கரைந்துபோனவன்.

நான் மைதானத்துக்குள் ஓடினேன். ஓடுகிற வயதா எனக்கு? மூச்சு வாங்க நடுவருக்கு முன்னால் போய் நின்றேன்.

"டீம் எக்க கோ, அங்கிள்?" என்றார். அணி எங்கே என்று கேட்கிறார்.

வருகிறார்கள், உடுப்பு மாற்றுகிறார்கள் என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். அவர் கேற்றுப் பக்கம் கையை நீட்டினார். பஸ் கண்ணாடியில் மஞ்சள் ஜேர்சிகள் வரிசையாகத் தெரிந்தன. பொய் சொல்லி அகப்பட்ட வெட்கத்தில் நான் உண்மையைச் சொல்லிவிட்டேன். ராகு காலம் என்றதும் அவர் சிரிக்கவில்லை. தன் வீட்டிலும் அம்மா பார்ப்பதுதான் என்றார். ஆனால் சட்டம் சட்டம்தான், கால் மணித்தியாலம் பார்ப்பேன், அதற்குள் வராவிட்டால் விளையாடாமலே வெற்றி என்று வத்தளைக்கு வோக்ஓவர் கொடுப்பேன் என்றார். நான் கையெடுத்துக் கும்பிட்டேன். அவருக்கே ஒரு மாதிரிப் போய்விட்டது.

"ஹத்தெனெக் எத்தி, அங்கிள்" என்று மெதுவாகச் சொன்னார். ஏழு பேர் போதும். ஏழு பேர் கோட்டுக்குள் வந்து நின்றால் ஊதித் தொடங்கிவிடுவேன், மற்றவர்கள் பிறகு வந்து சேரலாம்.

ஏழு பேர்! ஏழு பேரை வைத்துக்கொண்டு நாலரை மட்டும் தாக்குப்பிடித்தால் போதும், பிறகு தலைவர் மிச்சப் பேரை வலது காலோ இடது காலோ வைத்து இறக்கட்டும். நான் பஸ்ஸுக்குத் திரும்பி ஓடினேன். சண்முகலிங்கம் அண்ணையைத் தள்ளாத குறையாக விலத்திக்கொண்டு உள்ளே ஏறினேன்.

"பொடியள், ஏழு பேர் வாங்கோ. ஏழே ஏழு பேர். ரெப்ரி தொடங்கிறன் எண்டு சொல்லிப்போட்டான். கும்பிட்டுக் கேக்கிறன்."

முதலில் எழும்பியது ஸியாம். "அங்கிள், எங்களுக்கு ராகு காலம் ஒண்டும் இல்லயே. நான் எறங்குறேன்" என்று கையுறையை மாட்டினான். அவனுக்குப் பின்னால் அவனுடைய மச்சான் ரிஸ்கானும் எழும்பினான். சண்முகலிங்கம் அண்ணை தடுக்கவில்லை. "நீங்கள் போறதெண்டாப் போங்கோ, உங்களுக்கு வேற கணக்கு" என்று வழி விட்டார்.

கப்டன் றெஜி, ஹெந்தளைப் பொடியன், நெற்றியில் சிலுவை போட்டான். "இண்டைக்குச் செவ்வாய்க்கிழமை அண்ணே, அந்தோனியார்ட நாள். எனக்கு இதைவிட நல்ல நேரம் எங்க?" என்று இறங்கினான். ஹெந்தளையிலிருந்து வருகிற மற்ற மூன்று பேரும் அவனோடு இறங்கினார்கள்.

ஆறு பேர். ஸியாமோடு ஆறு பேர் கேற்றுக்குள் ஓடினார்கள். இன்னும் ஒருவன். பஸ்ஸில் மிச்சம் இருந்ததெல்லாம் எங்கள் ஆட்கள், வீட்டில் கலண்டர் பார்த்து நகம் வெட்டுகிறவர்கள்.

"நான் ஒருத்தற்ற கையையும் பிடிக்கேல்லை" என்றார் சண்முகலிங்கம் அண்ணை. "விருப்பமானவன் இறங்கட்டும். ஆனா ராகு காலத்தில கால் வைச்சுக் கால் முறிஞ்சா என்னட்டை வரக் கூடாது."

அந்த ஒரு வசனம் போதும். ஒருவன் தன் முழங்காலைப் பார்த்தான். போன வருஷம் சத்திரசிகிச்சை செய்த கால். இன்னொருவன் அம்மாவுக்குச் சத்தியம் செய்து கொடுத்திருக்கிறானாம். மற்றவர்கள் என் முகத்தைப் பார்க்காமல் யன்னலுக்கு வெளியே பார்த்தார்கள். நான் ஒவ்வொரு சீட்டாகப் போய்க் கெஞ்சினேன். என்னைப் பெற்றவளிடம்கூட நான் அப்படிக் கெஞ்சியதில்லை.

கடைசிச் சீட்டில் ஹரிசன் இருந்தான். என் மண்டையில் அப்போதுதான் உறைத்தது. இவன் இருக்கும்போது நான் ஏன் ஊரையெல்லாம் கெஞ்சுகிறேன்? போன கிழமைதான் ராகு காலம் முடியட்டும் என்று தாய் கடைக்குப் போகாமல் நின்றதற்கு விழுந்து விழுந்து சிரித்தவன் இவன்.

"எழும்படா, ஓடு. நீதான் ஏழாவது ஆள்."

எழும்பவில்லை. சப்பாத்து நாடாவை இறுக்கிக் கட்டியிருந்தான். கை இரண்டையும் முழங்காலில் வைத்திருந்தான்.

"உனக்கும் ராகுவோ?"

"ராகு இல்லையப்பா."

"பின்ன என்ன, கோதாரி?"

"நீங்கள் வீட்டை போங்கோ. நான் இறங்கிறன்."

பஸ்ஸுக்குள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஜனாகூடப் போனிலிருந்து தலையைத் தூக்கினான்.

"என்ன சொன்னனி?"

"நீங்கள் கோட்டில நிக்காட்டி நான் விளையாடுவன். கேற்றைத் தாண்டிப் போங்கோ. நீங்கள் போறதைப் பாத்திட்டு இறங்கிறன். சத்தியமாப்பா." அவன் கோபமாகச் சொல்லவில்லை. தண்ணீர் கேட்கிற மாதிரி, சாதாரணமாகச் சொன்னான்.

"விசரா உனக்கு? இது நேரமா இதுக்கு? நான் என்னடா செய்தனான்?"

"பந்து என்னட்டை வரேக்க எனக்கு ஒண்டும் யோசிக்க ஏலாது அப்பா. உங்கட சத்தம்தான் காதுக்க நிக்கும். அண்டைக்கும் அதுதான். நீங்கள்தான் கத்தினீங்கள், 'ஸியாமுக்குக் குடடா, திருப்பிக் குடடா' எண்டு. நான் வெளியில அடிக்கத்தான் நினைச்சனான். உங்கட சத்தம் கேட்டுது. குடுத்தன்."

இந்த இடத்தில் நான் சரி என்று சொல்லியிருக்க வேண்டும். ஒரேயொரு சொல். சரி மகன், நான் போறன். பத்து எட்டு வைத்தால் கதவு, கதவைத் தாண்டினால் வீதி. பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாருக்கும் அது தெரிந்தது. சண்முகலிங்கம் அண்ணைக்குக்கூடத் தெரிந்தது. அவர் என் தோளில் கை வைத்து, "தவம், போம், போம் காணும்" என்றார்.

ஆனால் என்னைப் பார்த்து, அதுவும் உதைபந்தாட்டத்தில், பிழை என்னுடையது என்று ஒருவன் சொன்னால் நான் எப்படி வாயை மூடிக்கொண்டு இறங்குவது?

"நானோ? நான் சொன்னா? நான் குடு எண்டுதான் சொன்னனான், தண்ணிக்குள்ளால குடு எண்டு சொன்னனானோ? உனக்குக் கண் இல்லையோ? பந்து தரையால போகாதெண்டு தெரியாதோ? தூக்கித் தட்டியிருக்க வேணும். இஞ்ச பார், ஸியாம் இஞ்ச நிக்கிறான்..." சீட்டுகளுக்கு நடுவில் நின்று காலைத் தூக்கிக் காட்டினேன். "நீ இஞ்ச நிக்கிறாய். உன்ர உடம்பு அங்கால திரும்பி இருக்குது. முதல் பிழை அது. ரெண்டாவது பிழை..."

"அப்பா, நேரம் போகுது. போங்கோ" என்றான் ஹரிசன். சீட்டின் நுனிக்கு வந்து, ஒரு கையால் முன் சீட்டைப் பிடித்துக்கொண்டு, எழும்பத் தயாராக இருந்தான். அதை நான் பார்த்தேன். கண்ணால் கண்டேன்.

கேற்றடியிலிருந்து ஸியாம் கத்தினான். "அங்கிள், டைம்! டைம் முடியப் போகுது! ஒராள், ஒராள்!"

நான் அவனைப் பொறு என்று கையைக் காட்டினேன். "ரெண்டாவது பிழை, எதிராளி எங்க நிக்கிறான் எண்டு தலையைத் தூக்கிப் பாக்கேல்லை. அதுக்கு நானோ பொறுப்பு? கோட்டில நிண்டு நான் கத்தாட்டி ஆர் கத்துறது? இந்தக் கோச்சோ கத்தப் போறான்? இத்தனை வருஷமா ஆர் கத்தினது? இந்தக் கழகத்துக்கு..."

விசில் சத்தம் கேட்டது.

ஆட்டம் தொடங்குகிற விசிலுக்கும் முடிகிற விசிலுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியும். இது நீளமாக, மூன்று தரம் ஒலித்தது. வத்தளைப் பொடியள் சத்தம் போட்டார்கள். அதுவும் பெரிய சந்தோஷமாக இல்லை, விளையாட வந்தவர்களுக்கு விளையாட்டு இல்லாமல் போன சத்தம். எங்கள் ஆறு பேரும் கோட்டுக்குள் இடுப்பில் கையை வைத்தபடி பஸ்ஸையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். றெஜி தரையில் குந்திவிட்டான். ஹரிசன் பிடித்திருந்த சீட்டிலிருந்து கையை எடுத்தான், பின்னால் சாய்ந்தான்.

"ஓம் எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமேப்பா" என்றான்.

நான் பஸ்ஸை விட்டு இறங்கி நடுவரிடம் ஓடினேன். கையைப் பிடித்தேன், காலைப் பிடிக்கவும் குனிந்தேன். அவர் என்னைத் தூக்கி நிறுத்தி, அங்கிள், நீங்கள் கழகத்தில் என்ன பதவியில் இருக்கிறீர்கள் என்று சிங்களத்தில் கேட்டார். பதவி ஒன்றுமில்லை, பார்க்க வருகிறவன் என்றேன். அவர் என் முதுகில் இரண்டு தரம் தட்டினார். பிறகு தன் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். வத்தளையின் பஸ்ஸும் புறப்பட்டது. எங்களிடமிருந்து போன அந்தத் தலைக்கனக்காரப் பொடியன் யன்னலால் என்னைப் பார்த்துக் கை காட்டினான். அவன் கண்ணிலும் தண்ணீர் நின்றது.

நாலரை தாண்டியதும் சண்முகலிங்கம் அண்ணை பஸ் கதவைத் திறந்தார். வெறும் மைதானம், கோல் கம்பம் மட்டும் நிற்கிறது. அவருக்குத் தெரியும், எல்லாம் முடிந்துவிட்டது என்று நன்றாகவே தெரியும். ஆனாலும் கொண்டுவந்த தேங்காயைத் திருப்பிக் கொண்டுபோக அவருக்கு மனம் வரவில்லை போலும். கேற்றடியில் கற்பூரம் கொளுத்தினார். தேங்காயை உடைத்தார், நேர் பாதியாக உடைந்தது. பொடியள் ஒவ்வொருவராக வலது காலை வைத்து உள்ளே வந்தார்கள். என்ன செய்வதென்று தெரியாமல் நடுவட்டத்தில் கூட்டமாக நின்றார்கள். சண்முகலிங்கம் அண்ணை கோல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி விம்மி விம்மி அழுதார். அவரைத் திட்டுவதற்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் இனி எனக்குக் கிடைக்கப் போவதில்லை. வாய் வரவில்லை.

அதற்குள் சனம் சேர்ந்துவிட்டது. சந்தி ஓட்டோக்காரர்கள், சலூன்காரர், வேலை முடிந்து ஆட்டம் பார்க்க ஓடி வந்தவர்கள். எல்லாரும் என்னைச் சுற்றி நின்றார்கள். ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் அப்படித்தான் நிற்பார்கள், நான் சொல்வதைக் கேட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்கள்.

"என்ன தவம் அண்ணை நடந்தது? கழகம் போச்சுதா?"

"போச்சு."

"ஆரிட பிழை?"

ஹரிசன் பையைத் தோளில் போட்டுக்கொண்டு எங்கள் பக்கமாகத்தான் வந்துகொண்டிருந்தான். கேற்றுக்குப் போக வேறு வழி இல்லை. சனம் என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றது. அவனும் நின்றான்.

"தலைவரிட பிழை" என்றேன். "வேற ஆரிட? ராகு காலமெண்டு பஸ்ஸுக்குள்ள வைச்சுப் பூட்டினால்?"

சனம் தலையை ஆட்டியது. சலூன்காரர் சண்முகலிங்கம் அண்ணையை ஒரு கெட்ட வார்த்தை சொன்னார். ஹரிசன் என்னைப் பார்த்தபடி பையை மற்றத் தோளுக்கு மாற்றினான். பிறகு எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "ஓம், தலைவரிட பிழைதான்" என்றான்.

வீட்டுக்கு வருகிறாயா என்று கேட்டேன். ஸியாமோடு மாளிகாவத்தைக்குப் போகிறேன், அம்மாவிடம் சொல்லுங்கோ என்றான்.